பூட்டிய கதவின் முன்னால்: சி. எஸ். லூயிஸின் துயரக் குறிப்புகள்

1

சபையில் சாட்சி சொல்ல எழுந்து வருகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். அநேகமாக எல்லோருமே கதை முடிந்த பிறகு வருகிறவர்கள். நோய் வந்தது, டாக்டர் கைவிரித்தார், ஜெபித்தோம், இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன். கடன் இருந்தது, அடைந்தது. குழந்தை இல்லை, பிறந்தது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மைக்கின் முன்னால் ஒரு ஆள் மட்டும் வருவதே இல்லை. ஜெபித்தும் நோய் தீராதவர். போன வாரம் மனைவியை அடக்கம் பண்ணிவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். அவரிடமும் சொல்ல ஏதோ இருக்கும். அதை எங்கே வைத்துச் சொல்வது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

சோதனைக் காலத்தில் விசுவாசம் பலம் தரும் என்று சொல்லும் கிறிஸ்தவப் புத்தகங்கள் ஏராளம். பெரும்பாலானவை அந்த மைக்கின் முன்னால் நின்று எழுதப்பட்டவை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதப்பட்டவை ரொம்பக் குறைவு. அப்படி ஒன்று 1961-ல் லண்டனில் ஃபேபர் பதிப்பகத்திலிருந்து வந்தது. நூறு பக்கம்கூட வராத சின்னப் புத்தகம். பெயர் 'எ க்ரீஃப் அப்சர்வ்ட்'. தமிழில் 'கவனிக்கப்பட்ட ஒரு துயரம்' என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையில் ஆசிரியர் பெயர் என். டபிள்யூ. கிளார்க் என்றிருந்தது. அப்படி ஒருவர் கிடையாது. எழுதியவர் சி. எஸ். லூயிஸ். அவர் 1963 நவம்பரில் இறந்த பிறகுதான் புத்தகம் அவருடைய சொந்தப் பெயரில் வந்தது.

இந்தப் புத்தகத்தை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். ஒரு பெரிய விசுவாசி உடைந்துபோன கதை என்று சிலர். உடைந்தவர் மறுபடி ஒட்டிக்கொண்ட கதை என்று சிலர். முதலாமவர்கள் முதல் பாதியில் நின்றுவிடுகிறார்கள். இரண்டாமவர்கள் கடைசிப் பக்கங்களை மட்டும் அடிக்கோடிடுகிறார்கள். இரண்டு பாதியையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது வேறொரு விஷயம். விசுவாசத்தின் பலம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையே அது மாற்றிப் போடுகிறது.

2

லூயிஸ் என்றதும் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது நார்னியா. இங்கிலாந்தில் அதற்கு முன்பே அவர் வேறு வகையில் பிரபலம். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது பிபிசி வானொலியில் கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேசியவர். இளமையில் நாத்திகர். 1931-ல், 32 வயதில், கிறிஸ்தவரானார்.

1940-ல் 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்' எழுதினார். கடவுள் நல்லவர் என்றால், எல்லாம் வல்லவர் என்றால், உலகத்தில் ஏன் இவ்வளவு வலி? இதுதான் கேள்வி. சுதந்திரமான மனிதர்கள் இருக்க வேண்டுமானால் நிலையான விதிகள் கொண்ட உலகம் வேண்டும், அப்படிப்பட்ட உலகத்தில் காயப்படுவதும் காயப்படுத்துவதும் சாத்தியமாகிவிடும் என்று ஆரம்பித்து, செங்கல் செங்கலாக அடுக்கிக்கொண்டு போவார். வலியைக் கடவுள் கையிலிருக்கும் ஒலிபெருக்கி என்று சொன்ன அந்தப் பிரபலமான உருவகம் இதில்தான் வருகிறது. காது கேளாத உலகத்தை எழுப்பும் கருவியாம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாக எழுதப்பட்ட புத்தகம். மேசை விளக்கின் கீழே, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம்.

இந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. வலியைப் பற்றி வாய்கிழியப் பேசிய பேராசிரியருக்கு உண்மையான வலி வந்தது, அப்போதுதான் புத்தி வந்தது என்ற கதை. 1993-ல் ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கி, ஆண்டனி ஹாப்கின்ஸ் லூயிஸாக நடித்த 'ஷேடோலேண்ட்ஸ்' படம் இந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நல்ல படம்தான். ஹாப்கின்ஸ் அழும் காட்சியில் நாமும் அழுதுவிடுவோம். ஆனால் அந்தக் கதை பொருந்தவில்லை.

லூயிஸுக்கு 9 வயது இருக்கும்போதே அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். அம்மா பிழைக்க வேண்டும் என்று அந்தச் சிறுவன் ஜெபித்தான். நடக்கவில்லை. 19 வயது நிறைந்த அன்று பிரான்சில் போர்முனைப் பதுங்குகுழிக்குப் போய்ச் சேர்ந்தார். 1918 ஏப்ரலில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்து காயப்பட்டார். கூடப் பயிற்சி பெற்ற நண்பன் திரும்பி வரவில்லை. 1940-ல் பேசியவர் வலி தெரியாதவர் கிடையாது. அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலேயே அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: வலி எழுப்பும் அறிவுச்சிக்கலை மட்டும்தான் நான் எடுத்துக்கொள்கிறேன், வலியைத் தாங்கக் கற்றுக்கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை, தாங்க வேண்டிய நேரத்தில் நிறைய அறிவைவிடக் கொஞ்சம் தைரியம் உதவும், அதைவிடக் கொஞ்சம் மனித அனுதாபம் உதவும், எல்லாவற்றையும்விடக் கடவுள்மேல் துளி அன்பு உதவும் என்கிற மாதிரி. அந்தப் புத்தகத்தையும் பெயர் போடாமல் வெளியிடத்தான் முதலில் அனுமதி கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை.

ஆகவே இரண்டு புத்தகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அனுபவத்தில் தேடிப் பயனில்லை. பேசுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதில் தேட வேண்டும். அதற்கு நடுவில் நடந்த ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும்.

3

ஜாய் டேவிட்மன் 1915-ல் நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கவிஞர். இளமையில் கம்யூனிஸ்ட், பிறகு கிறிஸ்தவர். 1952-ல் இங்கிலாந்து வந்தபோது லூயிஸை நேரில் சந்தித்தார். முதல் கணவரோடு மணவாழ்க்கை முறிந்தபின் இரண்டு மகன்களுடன் இங்கிலாந்திலேயே தங்கினார். அவர் நாட்டில் தொடர்ந்து இருப்பதற்காக 1956 ஏப்ரலில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அப்போது அது ஒரு நண்பருக்குச் செய்த உதவி மாதிரிதான். அதே வருடம் அக்டோபரில் ஜாயின் தொடை எலும்பு முறிந்தது. பரிசோதித்தால் புற்றுநோய். ஏற்கெனவே பரவியிருந்தது. 1957 மார்ச் 21 அன்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே சபை முறைப்படி திருமணம் நடந்தது. நடத்திவைத்த பாதிரியார் ஜாயின்மேல் கைவைத்து ஜெபித்தார்.

சாகப்போகிறவள் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் எழுந்து நடந்தார். வீட்டைப் புதுப்பித்தார், தோட்டம் போட்டார்.

இது சாட்சி சொல்ல வேண்டிய கட்டம். லூயிஸ் சொன்னாரா? ஒருவகையில் சொன்னார். 1959-ல் அமெரிக்காவின் 'தி அட்லாண்டிக் மன்த்லி' இதழில் ஜெபத்தின் பலனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் பெயர் சொல்லாமல் ஒரு பெண் வருகிறார். எலும்பைப் புற்றுநோய் அரித்திருக்கிறது, ஒரு நல்ல மனிதர் கைவைத்து ஜெபிக்கிறார், ஒரு வருடம் கழித்து அந்தப் பெண் நடக்கிறார், எக்ஸ்ரே எடுத்தவரே ஆச்சரியப்படுகிறார். மற்றவர்களாக இருந்தால் அங்கே நிறுத்தி அல்லேலூயா சொல்லியிருப்பார்கள். லூயிஸ் உடனே பிரேக் போடுகிறார். இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கேட்டது கிடைக்கவில்லையே என்று ஞாபகப்படுத்துகிறார்.

அடுத்த வருடம் நோய் திரும்பியிருந்தது. 1960 ஏப்ரலில் இருவரும் கிரீஸ் போய்விட்டு வந்தார்கள். ஜூலை 13 அன்று ஜாய் இறந்தார். வயது 45.

கிடைத்த அற்புதம் திரும்ப வாங்கிக்கொள்ளப்பட்டது. சாதாரண மரணத்தைவிட இது மோசமான நிலைமை. ஜெபம் கேட்கப்படவே இல்லை என்றால் 'யாரும் இல்லை போல' என்று சொல்லிவிட்டுப் போகலாம். கேட்கப்பட்டு, கொடுக்கப்பட்டு, மூன்று வருடம் கையில் இருந்து, பிறகு பிடுங்கப்பட்டால் என்ன சொல்வது? 'எ க்ரீஃப் அப்சர்வ்ட்' எழும்புவது இந்த இடத்திலிருந்து. லூயிஸ் அதில் அஞ்சுவது கடவுள் இல்லாமல் போய்விடுவதைக் குறித்து அல்ல. கடவுள் இருக்கிறார், ஆனால் இப்படிப்பட்டவர்தான் என்று தெரியவந்துவிடுமோ என்பதுதான் பயம். எக்ஸ்ரேக்கள், தற்காலிகத் தேறுதல்கள், அந்த ஒரு தேறுதல், எல்லாமே அடுத்த சித்திரவதைக்கு முன்னால் காட்டப்பட்ட இரக்கமா என்று கேட்கிறார். பூனை எலியிடம் விளையாடுவது மாதிரியா?

4

ஜாய் போன பிறகு வீட்டில் கிடந்த வெற்று நோட்டுகளை எடுத்து எழுத ஆரம்பித்தார். மொத்தம் நான்கு. புத்தகத்தின் நான்கு பகுதிகளும் அவைதான். ஜாயின் பெயர் கிடையாது, 'ஹெச்' என்று ஒரு எழுத்து மட்டும். அவருடைய முழுப்பெயரின் முதல் பாதி ஹெலன்.

முதல் நோட்டில் உடம்பு பேசுகிறது. துக்கம் இவ்வளவு பயம் மாதிரி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்கிறார். வயிற்றில் ஒரு படபடப்பு, கொட்டாவி, அடிக்கடி எச்சில் விழுங்குவது. அப்புறம் சோம்பல்: சவரம் பண்ணக்கூடத் தோன்றவில்லை. எதிரே வருகிறவர்கள் இவரிடம் ஏதாவது சொல்வதா வேண்டாமா என்று தடுமாறுவது தூரத்திலேயே தெரிகிறது. துக்கத்தில் இருப்பவர்களைத் தொழுநோயாளிகள் மாதிரித் தனியாகக் குடியமர்த்திவிடலாமோ என்று எழுதுகிறார். பிறகு அந்தக் கதவு வருகிறது. சந்தோஷமாக இருக்கும்போது கடவுளிடம் போனால் கைவிரித்து வரவேற்கிறார். வேறு வழியே இல்லாமல் போய் நின்றால் முகத்தில் அடித்த மாதிரி கதவு சாத்தப்படுகிறது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம். பிறகு மௌனம்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கும் கொடுக்கிறார். மதத்தின் உண்மையைப் பற்றிப் பேசுங்கள், கேட்கிறேன். கடமையைப் பற்றிப் பேசுங்கள், பணிந்து கேட்கிறேன். ஆறுதலைப் பற்றி மட்டும் பேசாதீர்கள், உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் நினைப்பேன் என்கிறார். அக்கரையில் குடும்பமாக மறுபடி கூடுவோம் என்பதெல்லாம் மட்டமான பாட்டுகளிலிருந்தும் படங்களிலிருந்தும் வந்தது, வேதத்தில் இல்லை என்று கறாராக ஒதுக்குகிறார். நம் ஊரில் நினைவஞ்சலி போஸ்டர் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

இரண்டாவது, மூன்றாவது நோட்டுகளில்தான் புத்தகத்தின் நேர்மை வெளிப்படுகிறது. கடவுளைப் பிரபஞ்சக் கொடூரன் என்கிற அளவுக்குப் போகிறார். பிறகு ஒரு நாள் அதைத் திரும்பிப் பார்த்து, அது யோசனை இல்லை, கத்தல் என்று எழுதுகிறார். வலிக்கிறவன் திருப்பி அடித்ததில் கிடைத்த ஒரு அற்ப திருப்தி, அவ்வளவுதான் என்கிறார். ஆனால் பாருங்கள், கத்தியதை அடித்துவிடவில்லை. அச்சில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. கத்தலும் இருக்கிறது, கத்தல் என்று ஒத்துக்கொண்டதும் இருக்கிறது. சாட்சி சொல்கிறவர் முதலாவதை 'நானும் ஒரு காலத்தில் சந்தேகப்பட்டேன்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார். இங்கே சந்தேகத்துக்கு நிகழ்காலம் கொடுக்கப்பட்டிருக்கிறது. நோட்டு என்கிற வடிவத்தால் மட்டுமே இது முடியும்.

தன் விசுவாசத்தையும் அவர் சோதிக்கிறார். ஒரே அடியில் வீடு விழுந்துவிட்டது என்றால் அது சீட்டுக்கட்டு வீடாகத்தானே இருந்திருக்க வேண்டும்? உலகத்தில் மற்றவர்கள் படும் துயரம் இவருக்கு முன்பே தெரியும். அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நம்புகிறோம் என்று நினைத்திருந்தார். அது கணக்கில் எடுத்தது இல்லை, கற்பனையில் எடுத்தது என்று இப்போது தெரிகிறது. இதற்கு ஒரு கயிறு உவமை சொல்கிறார். பெட்டியைக் கட்டுகிற கயிறு உறுதியானது என்று நம்புவது சுலபம். அதே கயிற்றில் நீங்களே பாதாளத்துக்குமேல் தொங்க வேண்டும் என்றால்தான் உண்மையில் எவ்வளவு நம்புகிறீர்கள் என்று தெரியும்.

5

இப்படிக் கடவுளைத் திட்டுவது விசுவாசமா? பல வாசகர்களுக்கு இங்கேதான் தடுக்கும். ஆனால் வேதாகமத்தின் நடுவிலேயே இந்தக் குரல் உட்கார்ந்திருக்கிறது. சங்கீதப் புத்தகத்தில் கணிசமான பகுதி முறையீடு. ஏன் தூங்குகிறீர், ஏன் முகத்தை மறைக்கிறீர், எத்தனை காலம் என்கிற தொனியில் நேராகக் கடவுளிடமே சண்டை. இவற்றில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88-ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. அதையும் வெட்டாமல் சேர்த்திருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாகப் பாடியிருக்கிறார்கள். சிலுவையில் இயேசு கேட்ட கேள்விகூட ஒரு முறையீட்டுச் சங்கீதத்தின், 22-ஆம் சங்கீதத்தின், முதல் வரிதான்.

யோபுவின் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 42 அதிகாரங்களில் நமக்குப் பிரசங்கங்களில் கிடைப்பது அநேகமாக முதல் இரண்டும் கடைசி ஒன்றும். பொறுமைசாலி யோபு, இரண்டத்தனையாகத் திரும்பப் பெற்ற யோபு. நடுவில் இருக்கும் யோபு பொறுமையே இல்லாதவர். பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளை வழக்குக்குக் கூப்பிடுகிறார். கடவுள் சார்பாகப் பேசுவது அவருடைய நண்பர்கள். நீ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி நடக்காது என்று இறையியல் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது யார்மேல்? தனக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல். நீங்கள் என்னைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்கிறார். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்த புதிதில் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்ததுதான்.

லூயிஸுக்கு இந்த மரபு தற்செயலாக வந்ததல்ல. ஜாய் தேறியிருந்த காலத்தில், 1958-ல், சங்கீதங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் இனிமையான சங்கீதங்களை விட்டுவிட்டு, சாபமும் கசப்பும் நிறைந்தவற்றைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார். இரண்டு வருடம் கழித்து நோட்டில் எழுதும்போது அந்தக் குரல் அவர் தொண்டையில் ஏற்கெனவே இருந்தது. வாதம் கைவிட்ட இடத்தில் முறையீடு கிடைத்தது. முறையிடுகிறவன் எதிரே ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் முறையிட முடியும். யாரும் இல்லாத கதவை யாரும் இவ்வளவு நேரம் தட்ட மாட்டார்கள்.

6

திருப்பம் எங்கே வருகிறது? ஒரு தரிசனம், ஒரு வசனம், ஒரு நண்பரின் வார்த்தை என்று எதிர்பார்ப்போம். நடந்தது இது: முந்தைய நாள் உடம்பு நன்றாக அலுத்திருந்தது, ராத்திரி தூக்கம் வந்தது, பத்து நாளாக மூடியிருந்த வானம் திறந்து வெயில் அடித்தது. அவ்வளவுதான். அந்தக் காலையில், மனைவிக்காகக் குறைவாக வருந்திய நேரத்தில், அவரை முன்னெப்போதையும்விடத் தெளிவாக நினைவுகூர முடிந்தது என்று எழுதுகிறார். கண்ணீர் மறைத்துக்கொண்டிருந்ததாம். பிறகு கடவுள் பக்கமும் திரும்பிப் பார்க்கிறார். கதவில் இப்போது தாழ்ப்பாள் இல்லை. அதைச் சாத்தியது தன்னுடைய வெறித்தனமான தேவையேதானோ என்று சந்தேகப்படுகிறார். நீரில் மூழ்குகிறவன் காப்பாற்ற வந்தவனையே இறுக்கிப் பிடித்துக்கொண்டால் எப்படிக் காப்பாற்றுவது?

புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இதை ஆன்மிக வெற்றியாக அவர் ஜோடிக்கவில்லை. தூக்கத்துக்கும் வெயிலுக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிடுகிறார். பழைய ஏற்பாட்டில் எலியாவின் கதை நினைவுக்கு வருகிறது. ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடிப்போய், சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், நான் சாகிறேன் என்கிறார் தீர்க்கதரிசி. தேவதூதன் வந்து உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. அதற்குப் பிறகுதான் 40 நாள் நடை. பலம் என்று வேதம் சொல்வதில் அடையும் தண்ணீரும் தூக்கமும் சேர்த்தி. மன அழுத்தத்தில் இருப்பவரிடம் 'விசுவாசம் பத்தல, இன்னும் ஜெபம் பண்ணு' என்று சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை மெதுவாகப் படிக்கலாம்.

நான்காவது நோட்டிலும் பதில் கிடைத்துவிடவில்லை. கேள்விகளை வைத்தால் பதில் வராத ஒரு விதம் என்று எழுதுகிறார். இது பழைய பூட்டிய கதவு இல்லை. மௌனமான, இரக்கமற்றது என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. 'உனக்குப் புரியாது, சும்மா இரு கண்ணு' என்று தலையசைப்பது மாதிரி. அதே நோட்டில் கடவுளை நேராக விளித்து, உம்முடைய நிபந்தனை உண்மையிலேயே இதுதானா, அவளைப் பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு உம்மை நேசித்தால்தான் அவளைப் பார்க்க விடுவீரா என்று கேட்கிறார். இன்னமும் பேரம்தான். ஆனால் கடவுளைப் பற்றி மற்றவர்களிடம் பேசுவது போய், கடவுளிடமே பேசுவது திரும்பியிருக்கிறது. பலம் என்று இந்தப் புத்தகம் காட்டுவதை இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன்: பதில் வராமலேயே உறவை முறித்துக்கொள்ளாமல் இருக்கிற தெம்பு. முன்பு பேசியவர் வாதத்தில் ஜெயித்தவர். இவர் தோற்றுவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நம்பிக்கை இல்லாத வாசகருக்கும் இந்த இடம் புரியும். இறந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டே உறவை வைத்திருப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

7

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்குச் சில புகார்கள் உண்டு.

முதலாவது, பழைய வாதக்காரர் இரண்டு இடங்களில் திரும்பி வந்துவிடுகிறார். ஒன்று அறுவைசிகிச்சை உவமை. கொடூரனாக இருந்தால் எப்போதாவது அலுத்து நிறுத்திவிடுவான், நல்ல மருத்துவரோ எவ்வளவு கெஞ்சினாலும் முடிக்கும்வரை அறுத்துக்கொண்டுதான் இருப்பார் என்கிறார். தன்னுடைய வலியைப் பற்றி ஒரு நோயாளி இப்படிச் சொல்லிக்கொண்டால் அது அவருடைய உரிமை. அதைப் பொதுவிதியாக்கினால் பிரச்சினை. பசியில் செத்த குழந்தையின் தாயிடம் போய் இது சிகிச்சை என்று சொல்ல முடியுமா? 'கரமசோவ் சகோதரர்க'ளில் வரும் இவான் இந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவான். நானும் கூடப் போவேன். இன்னொன்று, நம் கேள்விகளில் பாதி அர்த்தமற்றவையாக இருக்கலாம், மஞ்சள் நிறம் சதுரமா வட்டமா என்று கேட்பது மாதிரி என்கிறார். சாமர்த்தியமான வரி. ஆனால் 'ஏன்' என்று கேட்கிறவளின் கேள்வி அந்த வகையைச் சேர்ந்தது இல்லை. யோபுவுக்குக் கடவுள் புயலிலிருந்து பேசியபோதுகூட, உன் கேள்விக்கு அர்த்தமில்லை என்று சொல்லவில்லை.

இரண்டாவது, ஜாய். கவிதைத் தொகுப்புக்குப் பரிசு வாங்கியவர், பத்துக் கட்டளைகளைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியவர், வருடக்கணக்கில் எலும்பு வலியைத் தாங்கியவர். இந்தப் புத்தகத்தில் அவர் ஒரு எழுத்து. லூயிஸுக்கே இந்தக் கவலை இருக்கிறது. நினைவில் இருப்பது அவள்தானா, நான் செய்துகொண்ட பொம்மையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். கடைசிப் பக்கத்தில் ஜாயின் மரணப்படுக்கை வருகிறது. கடவுளோடு சமாதானமாக இருக்கிறேன் என்று பாதிரியாரிடம் சொல்கிறார். புன்னகைக்கிறார், ஆனால் கணவரைப் பார்த்து அல்ல. தன்னைப் பார்க்காத அந்தப் புன்னகையை லூயிஸ் அப்படியே விட்டுவைக்கிறார். ஜாயின் விசுவாசம் தன்னுடையதைவிடத் தூரம் போயிருந்தது என்பதற்கு அவர் கொடுக்கும் மரியாதை அது. ஜாயின் கடிதங்கள் 2009-ல் தொகுப்பாக வந்தன. இந்தப் புத்தகத்தைப் படிப்பவர்கள் அதையும் தேடிப் படித்தால் 'ஹெச்' என்ற எழுத்துக்குப் பின்னால் இருக்கும், நகைச்சுவையும் கோபமும் உள்ள மனுஷியைப் பார்க்கலாம்.

மூன்றாவது புகார் குழந்தைகளைப் பற்றியது. ஜாய் இறந்தபோது மூத்தவனுக்கு 16 வயது, இளையவன் டக்ளஸுக்கு 14. நோட்டுகளில் அவர்கள் வருவது மிகக் குறைவு. அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்கள் முகத்தில் துக்கமோ அன்போ தெரியவில்லை, சங்கடம்தான் தெரிகிறது, பேச்சை நிறுத்தமாட்டாரா என்று பார்க்கிறார்கள் என்று எழுதுகிறார். பல வருடங்கள் கழித்து டக்ளஸ் கிரெஷாம் இந்தப் புத்தகத்துக்கு ஒரு முன்னுரை எழுதினார். அதில் இந்த இடத்தைத் திருத்துகிறார். அது சங்கடம் இல்லை, அம்மாவைப் பற்றிப் பேசினால் அழுதுவிடுவேன், அதைவிட மோசமாக அவரும் அழுதுவிடுவார் என்ற பயம் என்கிறார். ஆண்பிள்ளை அழுவது அவமானம் என்று அந்தக் கால ஆங்கிலேயப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்திருந்தது.

ஒரே வீடு. ஒரே மரணம். துக்கத்தைக் கவனிப்பதையே வேலையாக எடுத்துக்கொண்ட, அபாரமான கூர்மை உள்ள ஒரு எழுத்தாளர், பக்கத்தில் இருந்த 14 வயசுப் பையனின் முகத்தைத் தவறாகப் படித்துவிட்டார். இது புத்தகத்தின் மதிப்பைக் குறைக்கிறது என்று நான் நினைக்கவில்லை. தலைப்பில் இருக்கும் 'ஒரு' என்ற சொல்லை டக்ளஸ் அந்த முன்னுரையில் சுட்டிக்காட்டுகிறார். இது ஒருவருடைய ஒரு துயரம். அந்த வீட்டில் இன்னும் இரண்டு துயரங்கள் இருந்தன, அவற்றை எழுத நோட்டு இல்லை.

ஆரம்பத்தில் லூயிஸ் துக்கத்துக்கு ஒரு வரைபடம் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார். எழுத எழுத, அது நிற்கிற இடமில்லை, நகர்ந்துகொண்டே இருப்பது, அதற்கு வேண்டியது வரலாறு என்று தெரிந்துபோயிற்று. வரலாறு என்றால் எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? வீட்டில் இருந்த கடைசி வெற்று நோட்டு இதுதான், இதற்காகப் புது நோட்டு வாங்கப்போவதில்லை என்று எழுதுகிறார். குணமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நோட்டு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த மூன்று வருடங்களையும் அவர் நோட்டு இல்லாமலேயே வாழ்ந்தார், ஜெபித்தார், எழுதினார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்போது அந்தக் கடைசி பெஞ்சில் இருந்தால், இந்தப் புத்தகத்தை முதல் வாரத்தில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். முதலில் சாப்பாடு கொண்டுபோங்கள், கூட உட்காருங்கள், பேசாமல் இருங்கள். புத்தகத்துக்குப் பிறகு நேரம் இருக்கிறது.